கடைசிப் பொத்தானிலிருந்து தொடங்குவது

தென்காசிப் பக்கம் அச்சன்புதூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மேற்கே மலை, கொல்லைப்புறம் நாலு தென்னை, திண்ணையில் மடியில் பீடித்தட்டோடு ஓர் அம்மா. பக்கத்தில் இருபத்திரண்டு வயது மகன். காலை எட்டு மணிக்குள் அவனைக் குளிப்பாட்டி, தலை சீவி, சட்டை மாட்டி, இட்லியைப் பிட்டு ஊட்டி முடித்திருப்பாள். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் கூலிக் கணக்கு. “இவனுக்கு என்னம்மா தெரியும்?” என்று யாராவது கேட்டால், “ஒண்ணுந் தெரியாது, பாவம்” என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருடமாக அவளே செய்துவந்தால் அவனுக்கு எப்படித் தெரியவரும்?

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. கடையநல்லூர், வடகரை, பண்பொழி, இலஞ்சி என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தச் சாயலில் ஒரு வீடு இருக்கும். இரவு விளக்கை அணைத்த பிறகு அந்த வீட்டு அம்மாவுக்கு வருகிற கேள்வியும் ஒன்றுதான்: “எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?” பொதுவாக இந்தக் கேள்விக்கு ஓர் ஆளின் பெயரையோ ஒரு விடுதியின் பெயரையோ பதிலாகத் தேடுவார்கள். இந்த அத்தியாயம் வேறு பக்கத்திலிருந்து தேடுகிறது. அவனுக்குத் தானாகச் செய்யத் தெரிந்த காரியங்கள் எத்தனை, ஊரில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்கிற கணக்கிலிருந்து.

முதலில், இந்த மகனுக்கு இருக்கும் அறிவுசார் குறைபாட்டைச் சுற்றிய ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தில் ‘லேர்னிங் டிசபிலிட்டி’ என்றால், நம் அரசு ஆவணங்கள் ‘அறிவுசார் குறைபாடு’ என்று குறிப்பது. நாம் ‘கற்றல் குறைபாடு’ என்பதோ, மற்ற எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்துகொண்டு எழுத்தையோ கணக்கையோ பிடிக்கத் திணறும் பிள்ளைகளுடையது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் இவை இரண்டும் தனித்தனி. மனநோய் மூன்றாவது. அது பெரும்பாலும் இடையில் வரும், மருந்தில் கட்டுப்படும். அறிவுசார் குறைபாடு வளரும் பருவத்திலேயே தொடங்கி கூடவே இருப்பது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ‘மெண்டல்’ என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடைக்கிறார்கள். ‘ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிரும்’ என்று கல்யாணமும் பேசுகிறார்கள். கல்யாணம் எந்தக் குறைபாட்டுக்கும் மருந்தல்ல. அதன் பலனை அனுபவிப்பது பெரும்பாலும் விவரம் சொல்லப்படாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்தான்.

அச்சன்புதூர்க்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு, தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு இல்லாதது. பக்கத்திலேயே, அனுமன் நதிக்கரையில், ஆய்க்குடி. அங்கே எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த ஆண்டு அது. அதற்கு ஆறு வருடம் முன்பு, பொறியியல் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர், கடற்படை அதிகாரித் தேர்வுக்காக பெங்களூர் போய், உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992-இல் வந்து சேர்ந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சக்கர நாற்காலியில் இருந்த இரண்டு பேர் வளர்த்த நிறுவனம், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியையும் நடத்துகிறது.

ஆனால் இந்த நூலுக்கு முக்கியம் அந்த வளாகம் அல்ல. வளாகத்தை விட்டு வெளியே வரும் பணியாளர்கள். குழந்தை சிகிச்சைக்கு வருவதற்குப் பதில் சிகிச்சை குழந்தையின் வீட்டுக்குப் போவதுதான் அவர்களுடைய ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தின் வழி. சமூக மறுவாழ்வுப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலியில் பதிகிறார். கற்றுத்தருவது பிள்ளைக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும்தான். யோசித்தால் காரணம் எளிது. அந்தப் பணியாளர் வாரத்தில் ஒரு மணி நேரம் இருப்பார். மீதி நூற்று அறுபத்தேழு மணி நேரமும் பிள்ளை வீட்டில்தானே.

அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம்.

சட்டை போடுவது நமக்கு ஒரு வேலை. அந்த அச்சன்புதூர் மகனுக்கு அது பத்துப் பன்னிரண்டு வேலை: சட்டையின் முன்பக்கம் எது என்று பார்ப்பது, வலது கையை நுழைப்பது, முதுகுப் பக்கம் இழுப்பது, இடது கைக்குத் துளை தேடுவது, இரண்டு ஓரத்தையும் சமமாகப் பிடிப்பது, பிறகு பொத்தான்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் மூன்றாவது படியிலேயே சிக்கும், அம்மா பிடுங்கி மாட்டிவிடுவாள், அவன் மனதில் நிற்பது தோல்வி மட்டும். அதனால் சிறப்பாசிரியர்கள் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். எல்லாவற்றையும் அம்மாவே செய்யட்டும். கடைசிப் பொத்தானை மட்டும் பாதி நுழைத்துவிட்டு விடட்டும். இழுப்பது மட்டும் அவன் வேலை. இழுத்தான், சட்டை போட்டாயிற்று, போட்டு முடித்தது அவன். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து அந்தப் பொத்தான் முழுக்க அவனுடையது. பிறகு அதற்கு மேலுள்ளது.

ஏன் கீழ்ப் பொத்தான்? குனிந்தால் அவன் கண்ணுக்குத் தெரிவது அதுதான். கழுத்துப் பொத்தான் யாருக்குமே தெரியாது, நாமும் தடவித்தான் போடுகிறோம். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். தையல்காரரிடம் சொன்னால் பெரிய பொத்தான் வைத்து, காஜாவைக் கொஞ்சம் அகலமாகப் போட்டுத் தருவார். ‘டீ-சர்ட் மாட்டிவிட்டால் தொல்லை விட்டது’ என்பார்கள் சிலர். அவசரக் காலைக்கு அதுவும் சரிதான். பாடம் நடத்த காலை ஏழரை மணி ஏற்ற நேரமே அல்ல. சாயங்காலம் குளித்து மாற்றுச் சட்டை போடும்போது, பீடிக்கட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த பிறகு, யாருக்கும் அவசரமில்லாத பத்து நிமிடம் போதும்.

உதவியைக் குறைப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அவன் கைமேல் கை. பிறகு மணிக்கட்டில் மட்டும் ஒரு தொடுதல். பிறகு முழங்கையில். பிறகு தொடாமல் விரலால் காட்டுவது. கடைசியாகச் சும்மா இருப்பது. எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான், பெற்றவளுக்கு. ஒரு சொல் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். நம்மில் பலர் மூன்று எண்ணுவதற்குள் அடுத்த சொல்லைச் சொல்லிவிடுகிறோம். அவனுக்கோ முதல் சொல் அப்போதுதான் உள்ளே போயிருக்கும்.

இதே வழியில் பல் துலக்கலாம், தட்டைக் கழுவலாம், டீ போடலாம். அடுப்புப் பற்றவைப்பது முதல் படி என்பதால் அது கடைசியாகத்தான் வரும், பயப்பட வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பதைத் தினமும் அவன் வேலையாக்கலாம். ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்கு அவன் கையில் ஒரு பொருள் கிடைத்துவிடும். ‘இன்னும் ரெண்டு தாள் கிழிச்சா அத்தை வருவா’ என்பது அவனுக்குப் புரிகிற கணக்கு. ஒரே ஓர் எச்சரிக்கை: பக்கத்தில் இருக்கிறானே என்று பீடித்தட்டில் கைவேலை பழக்க வேண்டாம். புகையிலைத் தூள் யார் நெஞ்சுக்கும் நல்லதல்ல.

இனி பேச்சு. கடைக்குப் போனால் கடைக்காரர் அம்மாவைப் பார்த்துக் கேட்பார்: “தம்பிக்கு என்ன வேணும்?” முப்பத்தைந்து வயதுத் தம்பி பக்கத்திலேயே நிற்பார். இங்கே அம்மா செய்யக்கூடியது ஒன்று உண்டு. “அவங்கிட்டயே கேளுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஓரடி தள்ளி நிற்பது. பேச்சு வராதவனாக இருந்தால் இரண்டு பண்டத்தைக் காட்டச் சொல்லலாம்; கை நீளும் பக்கம் அவன் பதில். ஒரு சின்னச் சூட்சுமம்: சிலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார்கள், சிலர் எப்போதும் வலப்பக்கத்தையே தொடுவார்கள். அதனால் வரிசையை மாற்றி இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு தடவையும் கடலை மிட்டாய் என்றால் கடலை மிட்டாய்தான்.

அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் தேர்வை மதிப்பது கொள்கையாகவும் எழுதப்பட்டதுண்டு: இங்கிலாந்து அரசு 2001-இல் வெளியிட்ட ‘வேல்யூயிங் பீப்பிள்’ என்ற கொள்கை அறிக்கை, உரிமை, சுதந்திரமாக வாழ்வது, தேர்வு, சமூகத்தோடு சேர்ந்திருப்பது என்ற நான்கின்மேல் நின்றது. எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. பத்து வருடம் கழித்து, 2011-இல், பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் இதே குறைபாடுள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை பிபிசி மறைகேமராவில் பிடித்துக் காட்டியது. பணமும் சட்டமும் உள்ள நாட்டிலேயே நடந்தது இது. நமக்கு 2001 வேறொன்றை நினைவூட்டும்: அந்த ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். வெளியாள் கண் படாத இடத்தில் யாரையும் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை. விடுதி பார்க்கப் போகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாளும் போய்ப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் போனால் இன்னும் நல்லது.

‘சொன்ன பேச்சுக் கேக்குற பிள்ள’ என்று பெருமையாகச் சொல்வார்கள். யோசிக்க வேண்டிய பெருமை. யார் எதைச் சொன்னாலும் கேட்கப் பழக்கப்பட்டவனிடம் ஒருவன் கெட்டதையும் சொல்லலாம். ஆகவே ‘வேண்டாம்’ என்று சொல்ல, தலையாட்ட, கையால் தள்ளக் கற்றுத்தர வேண்டும். அவன் சொல்லும் சின்னச் சின்ன வேண்டாம்களை வீட்டில் மதிக்கவும் வேண்டும். ரெண்டாவது தோசை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உடம்பின் எந்தப் பகுதியை யார் தொடலாம், எந்தக் காரணத்துக்குத் தொடலாம் என்பதையும் வெட்கப்படாமல், உண்மைப் பெயர்களைச் சொல்லி, பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டும். பெண்ணானால் மாதவிலக்குக்கு முன்பே, ஒரு பழைய உள்ளாடையில் நாப்கினை வைத்து எடுத்துப் பழக்குவது நல்லது. முதல் நாள் அவள் ரத்தத்தைப் பார்த்து மிரளாமல் இருப்பாள்.

திடீரென்று தட்டை வீசுகிறான், கையைக் கடித்துக்கொள்கிறான் என்றால் வீட்டில் இரண்டு விளக்கம் தயாராக இருக்கும்: சேட்டை, அல்லது காத்துக்கருப்பு. இரண்டுக்கும் முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் காதில் அறைந்துகொள்வான்; காதில் சீழ் இருக்கலாம். பல்லாக இருக்கலாம். நாலு நாள் மலம் போகாததாகக்கூட இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு, காது, இதயம் மூன்றிலும் கோளாறு அதிகம். சுறுசுறுப்பாக இருந்தவர் மந்தமானால் ‘அவன் அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்துபார்க்க வேண்டும். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது. இரண்டு வாரத்தில் ஏதாவது பிடிபடும். தட்டு பறந்த நாளெல்லாம் அம்மா பீடிக்கடையில் காத்திருந்து தாமதமாக வந்த நாள் என்று தெரியவந்தால், மருந்து ஒரு பிடி பொரிகடலைதான்.

வலிப்பு இவர்களில் பலருக்கு உண்டு. சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, கைகாலை அமுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டு வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. பொட்டல்புதூர் தர்காவுக்கோ பண்பொழித் திருமலைக்கோ போவது வீட்டார் நம்பிக்கை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் போகாமல் இருக்க முடியாது. அருவி இவர்களுக்கும் கொள்ளைச் சந்தோஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பேரருவியின் இரைச்சலும் நெரிசலும் சிலருக்குத் தாங்காது; காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வார நாளில், விடிகாலையில், புலியருவி போன்ற சின்ன இடமாகப் பார்த்துப் போகலாம். முதல் தடவை கால் நனைத்துவிட்டுத் திரும்பினால்கூடப் போதும். வலிப்பு உள்ளவரை அருவியிலும் குளத்திலும் கையெட்டும் தூரத்தில் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் குளியலறையிலும் உள்தாழ்ப்பாள் வேண்டாம். கதவில் ஒரு துண்டைப் போட்டால் ஆள் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

இனி காகிதங்கள். அலுப்பான பகுதி, ஆனால் தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் பிறகு அலைகிறார்கள். அறிவுசார் குறைபாட்டின் சதவீதத்தைச் சமூக முதிர்ச்சி அளவுகோல் ஒன்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள்: லேசானது என்றால் 50, மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100. சலுகைகளுக்குப் பொதுவாக 40 சதவீதம் வேண்டும் என்பதால், ‘எம் பிள்ளைக்கு லேசாத்தான் இருக்கு, கெடைக்காது’ என்று ஒதுங்க வேண்டியதில்லை. மருத்துவச் சான்றோடு தேசிய அடையாள அட்டையான யூடிஐடி-யும் வாங்க வேண்டும். அதை வைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023-இல் அது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு இதற்காகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டிய பாடு இல்லை. உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள் இயன்முறை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக்கல்வி எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் தருகின்றன. பக்கத்து மையம் எது என்பதையும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, முன்பரிசோதனை கிடையாது. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் 75 சதவீதச் சலுகை, கூட வருகிறவருக்கும் சேர்த்து. பொதிகை ரயிலில் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

பலருக்கும் தெரியாதது, 18 வயது நிறைந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளராகத் தொடர்வதில்லை என்பது. வங்கியிலோ பத்திர அலுவலகத்திலோ கேட்கும்போதுதான் தெரியவரும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டக் காப்பாளரை நியமிக்கிறது. 2016 சட்டமோ, குறிப்பிட்ட முடிவுகளுக்கு மட்டும், அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பாளர் முறையைச் சொல்கிறது. எது தேவையோ அதுமட்டும் போதும். எல்லா முடிவையும் பிடுங்கிக்கொள்ளும் காகிதம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. அக்கா தங்கை பெயரை எழுதுவதாக இருந்தால் அவளிடம் நேரடியாகக் கேட்டுவிட்டு எழுத வேண்டும். ‘அவ பாத்துக்குவா’ என்று வீட்டார் பேசிக்கொண்டிருப்பார்கள். அவளிடம் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காகிதத்தில் இல்லாத ஒன்று ஊர். திண்ணையோடு நின்றுவிட்டவனை நாலு வீடு தள்ளி இருப்பவருக்கே தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே டீக்கடைக்குப் போனால் மூன்றாவது மாதம் கடைக்காரருக்கு அவன் சர்க்கரை அளவு தெரியும், ஒரு நாள் வராவிட்டால் “எங்க ஆளக் காணோம்?” என்பார். அந்தக் கேள்வியை எந்த அலுவலகமும் தராது. கூலி வேலை என்று வந்தால் அதே மாதிரி தெரிந்த இடமாகப் பார்க்க வேண்டும்: தென்னந்தோப்பில் காய் பொறுக்கிக் குவிப்பது, நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்புவது. மற்றவருக்கு என்ன கூலியோ அதே கணக்கில் அவனுக்கும். ‘சும்மா இருக்கறதுக்கு வந்து நிக்கட்டும், சாப்பாடு போடுதேன்’ என்பதை ஏற்கக் கூடாது.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. அம்மாவின் தலைக்குள் மட்டும் இருப்பதையெல்லாம் எழுதிவைப்பதற்கு. எந்த மாத்திரை எந்த நேரம்; எதைப் பார்த்தால் பயம்; ‘ம்ப்பா’ என்றால் தண்ணீர்; கோபம் வரும் முன் கட்டைவிரலை மடக்குவான்; எந்தச் சட்டை பிடிக்கும்; எது தானாகச் செய்வான், எதற்குக் கை கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாத அம்மா பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சங்கரன்கோவிலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் என்றால், ஒரே ஒரு ராத்திரி அவனை அத்தையிடம் விட்டுவிட்டுப் போய்வருவது. ஒன்பது மணிக்குக் கண்டிப்பாகப் போன் வரும்.

“மதினி, எல்லாஞ் சரியா இருக்கு. ஆனா தூங்க மாட்டேங்கான், மேலயே பாத்துக்கிட்டுக் கெடக்கான்.”

“ஃபேன் ஓடுதா?”

“மழ பெய்யுது, குளிருமேன்னு நிப்பாட்டிட்டேன்.”

“ஒண்ணுல வச்சுப் போடு தாயி. சத்தம் கேக்கணும் அவனுக்கு.”

ஊருக்குத் திரும்பியதும் நோட்டில் அதையும் எழுதிவிட வேண்டும்.